இரைச்சலுக்கு ஒரு பேரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பது என் தொழில். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுவது என் பைத்தியம். தொழிலால் வயிறு நிறைகிறது, பைத்தியத்தால் காது நிறைகிறது; வீட்டில் வாங்கும் திட்டு அப்படி. புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு சந்தைக்கு வந்தால் அதன் நீளம் என்ன, எவ்வளவு சூடாகும், எத்தனை விசிறி, எந்தக் கடையில் எத்தனை பெட்டி இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடையில் வாங்கியதுதான் கிடையாது. என் தலை தெரிந்ததுமே கடைப் பையன்கள் ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இந்த முறை சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என் மனைவிக்காகப் போனேன்.

அவள் சமையலறை அலமாரி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தாள். வீடு எழும்பும் முன்பே அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவாள். ஜன்னல் வழியாக வெயில் எந்த மூலையில் விழும் என்பது வரை தெரியும். அவள் செய்ததையெல்லாம் முதலாளி தன்னுடையது என்று காட்டிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் இவளைக் காட்டி, "இவங்க நான் சொல்றதை டைப் பண்றவங்க" என்று அறிமுகப்படுத்தியிருக்கிறார். அன்று மாலையே மேஜையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள். நான் கைதட்டினேன். சொந்தக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச காலம் ஈ ஓட்டினோம். பிறகு ஒரு சின்ன நூலகம் கட்டப்போகிற குழு, உட்புற வடிவமைப்புக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. வாசலில் நுழைந்து, புத்தக வரிசைகளுக்கு நடுவே நடந்து, படிக்கும் கூடம் வரை போய்வருகிற மாதிரி ஒரு சிறு படம் செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை கூட்டம். போட்டியில் இன்னொருவரும் இருந்தார். யார் என்று சொல்லவே வேண்டாம், அந்தப் பழைய முதலாளிதான்.

"இது கிடைக்கலன்னா அந்தாள் கதவைத்தாங்க மறுபடி தட்டணும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கையில் இருந்த டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சீக்கிரம் கலங்குகிற ஆள் இல்லை.

நூலகத்தை அவள் அருமையாகக் கட்டிவிட்டாள். ஆனால் கட்டியதைப் படமாக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கின் வெளிச்சமும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரையும். இதைத்தான் ரெண்டர் என்பார்கள். இந்தக் கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் கார்டு. எங்கள் வீட்டுக் கார்டு ரொம்ப நல்ல கார்டு, பாவம், வயதாகிவிட்டது. நூலகத்தைத் திறந்தாலே நினைவகம் நிரம்பி, திரை கறுத்து, மொத்தமும் அணைந்துவிடும். நானும் விசிறியைத் துடைத்தேன், சூடு கடத்தும் பசையை மாற்றினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஆக, வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய கார்டு வாங்க எனக்கு அனுமதி கிடைத்தது. சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் புதுசு விற்கும் கடைகளுக்குத்தான் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். நான் டேப்பை எடுத்து எங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் எத்தனை நீளம் போகும் என்று காற்றில் அளந்து காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி விலைச்சீட்டைப் படித்துவிட்டு, கடைக்காரரிடம் மிகவும் மரியாதையாக, "இதுல உட்கார்ந்துக்கிட்டு எங்கயாவது போகலாமா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். "போகலாங்க மேடம். கடனாளியா."

நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்த்து அவராகவே, "செகண்ட்ஹாண்ட் பாருங்க. ஆனா ஓட விட்டுப் பார்த்துட்டு வாங்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

செகண்ட்ஹாண்ட் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் சுமுகமான வார்த்தை அல்ல. இதற்கு முன்பு ஒருமுறை, பேருந்து நிலையத்தில் வைத்து ஒருவனிடம் கார்டு வாங்கினேன். பெட்டி புதுசு போல இருந்தது, கனமும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே துணியில் பத்திரமாகச் சுற்றிய ஒரு குளியலறைத் தரை ஓடு. அதற்குப் பிறகு, என்னைப் போன்ற கம்ப்யூட்டர் பைத்தியங்களின் கூட்டத்தில் எல்லோரும் செய்வதை நானும் செய்ய ஆரம்பித்தேன். விற்கிறவர் வீட்டுக்கே போக வேண்டும். அவருடைய கம்ப்யூட்டரில் கார்டை மாட்டி, அதை மூச்சுத் திணற வைக்கிற ஒரு சோதனை நிரலை அரை மணி நேரம் ஓட விட வேண்டும். அணையவில்லை, படம் சிதறவில்லை, சூடு அளவோடு நின்றது என்றால் காசைக் கொடுத்துவிட்டுக் கார்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரம் முன்பின் தெரியாதவர் வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தின் சம்பிரதாயம் அது.

அப்படிக் கிடைத்தவர்தான் பல் டாக்டர். அவர் போட்டிருந்த விளம்பரத்தில் எனக்குப் பிடித்த கார்டு, கைக்கு எட்டுகிற விலை. தொலைபேசியில் கூப்பிட்டால் மனிதர் உருகுகிறார். "தங்கமான கார்டு சார். ஒரு சத்தம் வராது. பூனை மாதிரி இருக்கும். வீட்ல ரெட்டைக் குழந்தை பொறந்திருக்கு, இடம் இல்ல, அதனாலதான்." கடைசிச் சொல்லில் குரல் தழுதழுத்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பா மாதிரி இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை மாலை போனோம். இந்த முறை என் மனைவியும் கூட வந்தாள். பணம் அவள் கைப்பையில்தான் இருந்தது. தரை ஓடு விஷயத்துக்குப் பிறகு பணம் எப்போதும் அவள் கைப்பையில்தான்.

படியேறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. ஒன்று மேல்ஸ்தாயியில் பிடித்தால் இன்னொன்று கீழ்ஸ்தாயியில் பிடிக்கிறது. பல் டாக்டர் கதவைத் திறந்தார். சட்டையில் ஒரு தோளில் பால் கறை, இன்னொரு தோளிலும் பால் கறை. உள்ளே அவர் மனைவி இரண்டு தோளிலும் இரண்டையும் போட்டுக்கொண்டு சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நிற்கிறபடியே தூங்கிவிடுவாள் போல இருந்தாள்.

"பொறந்ததுல இருந்து இப்படித்தான் சார்" என்றார் டாக்டர். "ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எழுப்பிடும். பல் பிடுங்க வர்ற ஆளுங்ககூட இப்படி அழறதில்ல."

கம்ப்யூட்டர் இருந்த அறையில் பாதி தொட்டிலும் துணி மூட்டையும், பாதி மேஜையும் இருந்தன. மேஜைக்குக் கீழே, தரையில், துணி போர்த்தி அந்தக் கேபினட். டாக்டர் துணியை எடுத்துவிட்டு, விரலால் ஒரு தூசியைத் தட்டினார். குழந்தைகள் வந்த நாளில் இருந்து அதைத் தொடவே இல்லையாம். நான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வரிசை எண் சரி. திருகுகளில் கீறல் இல்லை. மூன்று விசிறியும் சுண்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றின. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இருந்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். பேரம் பேசப் போகிறவன் பல்லைக் காட்டக்கூடாது, அதுவும் பல் டாக்டரிடம்.

சோதனை நிரலை ஓட விட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு விசிறிகள் மெல்ல எழுந்தன, இன்னும் எழுந்தன, கடைசியில் அறை முழுக்க ஒரே சீரான இரைச்சலாக வந்து நின்றது.

டாக்டர் திடுக்கிட்டுப் போனார். "ஐயையோ, இவ்வளவு சத்தம் போடுமா?"

"நீங்கதானே பூனைன்னு சொன்னீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். நான் கேம் விளையாடும்போது எப்பவும் ஹெட்போன் போட்டுக்குவேன்."

பொய் இல்லை, முகத்தில் தெரிந்தது. அந்த மனிதர் அத்தனை நாளும் காதை மூடிக்கொண்டு, கார்டு அமைதியாக இருக்கிறது என்று உளமார நம்பியிருக்கிறார். எங்கள் கூட்டத்து ஆள் என்பதற்கு வேறு அத்தாட்சியே வேண்டாம்.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. "சத்தம் இப்படி இருந்தா எப்படி டாக்டர்? விலையில பார்த்துப் பண்ணணும்" என்று ஆரம்பித்தேன். இந்த ரகக் கார்டு எல்லாமே முழு வேகத்தில் இப்படித்தான் இரையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசினேன். அரை மணி நேரமும் அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். வீட்டில் ஒருவரும் தூங்க முடியாதே என்றேன். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்றேன். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் இறங்கிக்கொண்டே வந்தார். என் மனைவி என்னை முறைத்தாள். அவளுக்குப் பேரத்தில் விருப்பம் உண்டு, அநியாயத்தில் இல்லை.

கார்டு அசைந்து கொடுக்கவில்லை. படம் சிதறவில்லை, சூடு எல்லை தாண்டவில்லை. "சரி டாக்டர், எடுத்துக்கறோம்" என்று சொல்லி, நிரலை நிறுத்தினேன். விசிறிகள் அடங்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. எப்போது அழுகை நின்றதென்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அந்த அமைதி ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. அடுத்த அறையில் ஒன்று வீறிட்டது, தொடர்ந்து இன்னொன்று.

டாக்டரின் மனைவி இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வந்தாள். "இப்ப எதை நிறுத்தினீங்க?"

"கார்டு டெஸ்ட்டும்மா. முடிஞ்சிடுச்சு" என்றார் டாக்டர், பயந்துகொண்டே.

"மறுபடி போடுங்க."

"இல்லம்மா, சத்தம்..."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

போட்டேன். விசிறி எழ எழ, அழுகை இறங்கியது. சின்னது ஒருமுறை விம்மிவிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பெரியது வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனது. நாங்கள் நான்கு பேரும் அசையாமல் நின்றோம்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "இந்த மேஜையிலதான் நான் கணக்கு எழுதற வேலை பார்ப்பேன்" என்று என் மனைவியிடம் சொன்னாள். "வயித்துல இதுங்க ரெண்டும் இருக்கும்போது தினமும் சாயங்காலம் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவரு. இவரு விளையாடுவாரு. இந்தப் பெட்டி என் காலுக்குக் கீழேயே இரைஞ்சுக்கிட்டு இருக்கும். அப்ப எவ்வளவு திட்டியிருப்பேன்! போன்ல மழைச் சத்தம், அருவிச் சத்தம் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சுக்கா. எதுக்கும் மசியல. இதுங்களுக்கு இந்தச் சத்தம்தான் பழக்கம் போல."

சொல்லி முடிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர். களைப்பா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் கார்டைப் பார்த்தேன். வாக்கு கொடுத்துவிட்டார், விலையும் முடிந்துவிட்டது, எங்கள் பணம் கைப்பையில் தயாராக இருக்கிறது. மனிதர் நல்லவர், இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. நான் கல்லுளிமங்கனாக நின்றேன். திங்கட்கிழமை என் கண் முன்னால் நின்றது.

என் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீங்க விக்க வேண்டாம் டாக்டர். இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைத் தடுக்க ஒரு வார்த்தை தேடினேன். தூங்குகிற இரண்டு குழந்தைகளுக்கு எதிராகச் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது? வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினோம்.

"திங்கக்கிழமைக்கு என்ன பண்ணப் போறே?" என்றேன். கேட்கும்போதே குரலில் கோபம் வந்துவிட்டது.

"தெரியல. படத்துக்குப் பதிலா வெறும் வரைபடத்தைக் காட்டுவேன். வாயால சொல்லுவேன்."

"அந்தாள் சினிமா மாதிரி படம் கொண்டுவந்து காட்டுவான். நீ வாயால சொல்லுவியா?"

"பின்ன என்னங்க பண்ணச் சொல்றீங்க? அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்கல்ல?" அவள் குரல் உடைந்துவிட்டது. பார்த்தேன். பார்த்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

கீழ்ப்படிக்கு வந்துவிட்டோம். மேலே இருந்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குரல். டாக்டரின் மனைவி செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தாள். குழந்தைகள் இல்லாத அவள் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"எதுக்காக்கா வாங்க வந்தீங்க? அண்ணன் விளையாடவா?"

"விளையாடறதுக்கா!" என்று நான் குறுக்கே விழுவதற்குள் என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். நூலகம், திங்கட்கிழமை, பழைய முதலாளி, டைப் பண்றவங்க. டாக்டரின் மனைவி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த வேலை ஓடினா விசிறி இதே மாதிரி சுத்துமா?"

"இதைவிட நல்லா சுத்தும்" என்றேன் நான்.

"அப்ப அதை இங்கயே ஓட விடுங்களேன். எப்படியும் ராத்திரி பூரா இந்தப் பெட்டி இரையத்தான் போகுது. அது வெட்டியா இரையறதுக்கு அக்கா வேலையைப் பண்ணிக்கிட்டு இரையட்டும்."

இத்தனை வருடம் கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிறவன் நான். எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. அங்கேயே அந்தப் படியில் அவள் காலில் விழலாமா என்றிருந்தது.

வீட்டுக்குப் பறந்து போய், நூலகத்தை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். எங்கள் இணைய இணைப்பை நம்பியிருந்தால் கோப்பு போய்ச் சேரும்போது குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். கார்டு கையைவிட்டுப் போகவில்லை என்ற சந்தோஷத்தை மறைக்க அவரும் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாடு தெரியும் என்பதால் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன். மின்கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று என் மனைவி சொன்னதற்கு, "முதல்ல வேலை கிடைக்கட்டும்கா" என்று அவர் மனைவி வாயை அடைத்துவிட்டாள்.

நான் நிரல்களை ஏற்றினேன். என் மனைவி நூலகத்தைத் திறந்தாள். எங்கள் வீட்டில் மூச்சு முட்டி விழுந்த அதே நூலகம், அங்கே ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி பளிச்சென்று திறந்தது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியின் வலி எனக்கு வேண்டியிருந்தது.

கிளம்பும் முன் டாக்டரின் மனைவிக்கு அவள் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். "நடுவுல நின்னுபோச்சுன்னா பதறாதம்மா. கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கு. விட்ட இடத்துல இருந்து போகும். மறந்துட்டாலும் பரவாயில்ல, நீ தூங்கு. உனக்குத் தூக்கம்தான் முக்கியம்."

"சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டும் நன்றாகத் தூங்கியதாம், படமும் நன்றாகப் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கேட்டோம், அதே பதில். திங்கட்கிழமை விடிந்ததும் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அப்படியே கூட்டத்துக்குப் போக வேண்டும். என் மனைவி நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் கண்ணாடிக் கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தேன்.

கதவைத் திறந்த டாக்டரின் மனைவியைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் திகைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை பார்த்ததைவிட மோசம். கண் செக்கச்சிவந்து, குரல் கம்மி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குழந்தைங்க தூங்கலையா?" என்றாள் என் மனைவி, பதறிப்போய்.

"அதுங்க ஜோராத் தூங்குச்சுக்கா. இப்பவும் தூங்குது பாருங்க."

"பின்ன நீ?"

அவள், "படம் முடிஞ்சிடுச்சு. வாங்க, வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். படம் முழுசாக முடிந்திருந்தது. குழந்தைகளுக்காகச் சோதனை நிரலை ஓட விட்டிருந்தார்கள். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு போர்வை, கீழே காபி டம்ளர்கள்.

டாக்டர்தான் சொன்னார். மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை ராத்திரி கரண்ட் ஒருதடவை கண்ணைச் சிமிட்டுச்சு சார். எல்லாம் அணைஞ்சிடுச்சு. குழந்தைங்க எழுந்து அழுததாலதான் எங்களுக்கே தெரிஞ்சுது. இவ ஓடிப்போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினா. அதுக்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. மறுபடி நின்னு நாம அசந்து தூங்கிட்டா அக்கா வேலை கெட்டுப்போயிடும்னு உட்கார்ந்துட்டா. நேத்து ராத்திரியும் அப்படித்தான். நான் பார்த்துக்கறேன்னேன். காலையில ஒருத்தர் வாயில ஊசி போடணும், கை நடுங்கும், நீங்க படுங்கன்னு துரத்திட்டா."

"எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாதா?" என்றேன்.

"பண்ணினா அக்கா பதறுவாங்க. அவங்க திங்கக்கிழமை நல்லாப் பேசணும்ல" என்றாள் அவள், சாதாரணமாக.

பிள்ளைகள் பிறந்த நாளில் இருந்து ஒரு முழுத் தூக்கம் காணாதவள். கடைசியில் அவர்கள் தூங்குகிறார்கள், வீடு அடங்கியிருக்கிறது, கட்டிலும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு இரவும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், படியில் பார்த்த ஒருத்தியின் வேலைக்காக. நன்றி என்ற சொல் கையில் இருந்தது, அதைக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

என் மனைவி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்காவாகவே மாறிவிட்டாள். "ஒரு வார்த்தை பேசாதே. போய்ப் படு." என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னைக்குக் கடைக்குப் போகல. அவ தானா எழுந்திருக்கிற வரைக்கும் குழந்தைங்களைப் பார்த்துக்கறீங்க" என்று சொல்லி, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் அதுவரை கைக்குழந்தை எதையும் தூக்கியவன் இல்லை. டாக்டர் போகிற அவசரத்தில் பால் எங்கே, துணி எங்கே என்று காட்டிவிட்டுப் போனார். அவர் மனைவி எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சொல்லிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சாய்ந்தாள், அவ்வளவுதான். நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

அன்று நான் பட்டதை விவரமாக எழுதினால் அது வேறு கதை. கண்ணாடியில் ஒரு இம்மி பிசகாமல் தேய்க்கிற கை, ஒரு துணி மாற்றுவதற்குத் திணறியது. பால் கொடுத்தேன், பாதி என் சட்டை குடித்தது. சின்னது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. அழுகை கிளம்பும்போதெல்லாம் இரண்டையும் தூக்கிக்கொண்டு கேபினட்டுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. வாங்கியிருந்தால் இந்தக் கார்டு என் மேஜையில் இருந்திருக்கும், நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மடியில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், கால் மரத்துவிட்டது, நான் அசையவில்லை.

பிற்பகல் சாய்ந்த பிறகுதான் வாசலில் என் மனைவியின் காலடி கேட்டது. குழந்தைகளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, ஓடிப்போய்ச் சத்தம் வராமல் கதவைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. உதட்டில் விரலை வைத்து, சாத்திய அறையைக் காட்டினேன். காலையில் படுத்தவள் இன்னும் தூங்குகிறாள், ஒருமுறைகூடப் புரளவில்லை.

என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் காதருகே வந்து, மூச்சுக் காற்றாகவே சொன்னாள்.

"கிடைச்சிடுச்சுங்க."

கத்தியிருக்க வேண்டும் நான். குதித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தக் கூடத்தின் நடுவில் கண்ணீர் வழிய நின்றோம். "இவகிட்ட எப்பச் சொல்றது?" என்று சைகையில் கேட்டேன்.

"தூங்கட்டும்" என்றாள் அவள். சுவரோரமாக இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அவள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தோம்.